ஃபாஸ்டர் பிள்ளை இரவு வீடு திரும்பவில்லை: என்ன செய்ய வேண்டும், திரும்பி வந்தபின் என்ன செய்ய வேண்டும்

எங்கள் வீட்டில் இருந்த பையன் முதல் தடவை திரும்பி வராத இரவில் போலீசுக்குப் போன் செய்தேன். அவர்கள் கேட்ட மூன்றாவது கேள்வி, "என்ன உடை போட்டிருந்தான்?" எனக்குத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று "ஒன்பதுக்குள்ள வந்துடுப்பா" என்று சொல்லி அனுப்பியவளே நான்தான். கறுப்பு ஜாக்கெட்டா, சாம்பல் நிற ஹூடியா என்று சொல்ல வரவில்லை. அடுத்து உயரம், மருந்து, போன் எண், கவுன்சிலில் யார் பொறுப்பு என்று கேட்கக் கேட்க, ஃபைலைத் தேடி மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். அந்த ஒரு போன் முடிய நாற்பது நிமிடம் ஆனது.

அந்த ஓட்டம் உங்களுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் புதிதாக ஃபாஸ்டர் கேரராக, அதாவது பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவராக அனுமதி பெற்று, முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. பையனை அடையாளம் காட்டும் எதையும் இதில் சொல்லவில்லை. அது அவனுடைய கதை, சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

"நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளை அப்படியெல்லாம் போகாது" என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கவுன்சில் பராமரிப்பில் 80,000-க்கும் அதிகமான பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது காணாமல் போகிறார். அது உங்கள் வளர்ப்பின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயத்தமாக இருங்கள்.

1. பிள்ளை வந்த முதல் வாரத்திலேயே ஒரு தாளை எழுதி வையுங்கள்

பல காவல் படைகள் இதற்காகவே பிலோமினா ப்ரோட்டோகால் என்ற படிவம் வைத்திருக்கின்றன. பிள்ளை காணாமல் போனால் தேவைப்படும் விவரங்களை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் படிவம் அது. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று சோஷியல் ஒர்க்கரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை:

பெயர், அதன் வேறு எழுத்துக்கூட்டல்கள், பிறந்த தேதி, உயரம், தழும்பு, பல்லில் கம்பி போன்ற அடையாளங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த முகம் தெளிவாகத் தெரியும் படம். பள்ளிச் சீருடையில் சிரிக்கும் பழைய படம் உதவாது.

போன் எண், நெட்வொர்க், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண். போனில் *#06# அழுத்தினால் திரையில் வந்துவிடும். பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லி, அதன் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். சமூக வலைத்தளப் பெயர்கள், லண்டன் என்றால் பிள்ளைகளுக்கான ஸிப் ஆய்ஸ்டர் பயணக் கார்டு எண், வங்கிக் கார்டு எந்த வங்கி என்பதும் வேண்டும்.

மருந்து, அலர்ஜி, ஆஸ்துமா. எத்தனை மணி நேரம் மருந்து இல்லாமல் இருந்தால் ஆபத்து என்பதையும் எழுதுங்கள்.

முன்பு எங்கெல்லாம் கண்டுபிடிக்கப்பட்டது, நண்பர்கள், உறவினர் முகவரிகள், யாரைப் பார்க்கக் கூடாது என்று கவுன்சில் சொல்லியிருக்கிறது என்பவை.

கடைசியாக, எல்லாரும் விட்டுவிடும் ஒன்று: பிள்ளையின் சட்ட நிலை. 1989-ஆம் ஆண்டு சில்ட்ரன் ஆக்டின் பிரிவு 20-இன் கீழ், அதாவது பெற்றோர் சம்மதத்துடன் இருக்கிறதா? அல்லது பிரிவு 31-இன் கீழ் நீதிமன்றம் கொடுத்த கேர் ஆர்டரில் இருக்கிறதா? யாராவது பிள்ளையை ஒளித்து வைத்திருந்தால், பிரிவு 50-இன்படி நீதிமன்றத்தில் ரெக்கவரி ஆர்டர் வாங்கலாம். ஆனால் அது கேர் ஆர்டரில் இருக்கும் பிள்ளைக்கும், அவசரப் பாதுகாப்பு ஆணையிலோ போலீஸ் பாதுகாப்பிலோ இருக்கும் பிள்ளைக்கும்தான். பிரிவு 20 பிள்ளைக்குக் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

இதே வாரத்தில் பிளேஸ்மென்ட் பிளானை, அதாவது பிள்ளை உங்கள் வீட்டில் இருப்பதற்கான ஏற்பாடுகளை எழுதிய திட்டத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளை எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், எவ்வளவு தாமதமானால் காணவில்லை என்று சொல்ல வேண்டும், நண்பர் வீட்டில் தங்க அனுமதிப்பது யார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்த பிளானில் அந்தப் பெட்டி காலியாக இருந்தது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் போடாதீர்கள், நிரப்பச் சொல்லிவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, நண்பர் வீட்டில் ஒரு இரவு தங்குவதற்கு அந்த வீட்டாருக்கு டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை தேவை என்று சிலர் சொல்வார்கள். பொதுவாகத் தேவையில்லை. நியாயமான அனுமதி கிடைக்காத பிள்ளைதான் சொல்லாமல் தங்கிவிடுகிறது.

2. தாமதமா, காணவில்லையா?

மணி தாண்டியதும் முதலில் கூப்பிடுங்கள், மெசேஜ் அனுப்புங்கள். நண்பர்களிடம் கேளுங்கள். பிள்ளையின் அறையைப் பாருங்கள்: பை இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா. சார்ஜரையும் மாற்று உடையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது ஒரு செய்தி. எதையுமே எடுக்காமல் போயிருந்தால் அதுவும் ஒரு செய்தி.

இருக்கும் இடம் தெரிகிறது, பத்திரமாகவும் இருக்கிறது, ஆனால் வர மறுக்கிறது என்றால் அது அனுமதியின்றி வெளியே இருப்பது. அதையும் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். இருக்கும் இடம் தெரியவில்லை என்றால் அது காணாமல் போனது. "ஃப்ரெண்டு வீட்டில இருக்கேன்" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்து, எந்த நண்பர், எந்த வீடு என்று தெரியாவிட்டால், என் கணக்கில் அதுவும் காணாமல் போனதுதான்.

இங்கே பலர் விழும் குழி, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம். நம்மில் பலருக்கு அது சினிமாவிலிருந்து வந்தது. அப்படி ஒரு விதி கிடையாது. பிளானில் எழுதிய நேரம் தாண்டியதும் போலீசின் அவசரமில்லாத எண்ணான 101-ஐக் கூப்பிடுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 999. சின்ன வயது, மருந்து தேவை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம், பின்னால் யாரோ பெரியவர்கள் இருக்கிறார்கள் என்ற சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளானில் எழுதிய நேரம் வரை காத்திருக்க வேண்டாம்.

3. யார் யாருக்கு, எந்த வரிசையில்

முதலில் போலீஸ். அடுத்து, ஆபீஸ் மூடிய நேரத்தில் பொறுப்பில் இருக்கும் கவுன்சிலின் எமர்ஜென்சி டியூட்டி டீம். ஆபீஸ் நேரமாக இருந்தால் பிள்ளையின் சோஷியல் ஒர்க்கர். மூன்றாவது, நீங்கள் ஏஜென்சி மூலம் ஃபாஸ்டரிங் செய்தால் அவர்களுடைய இரவு எண். பெற்றோருக்குச் சொல்வது கவுன்சிலின் வேலை. பிளானில் உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தால் தவிர நீங்கள் சொல்ல வேண்டாம்.

ஏஜென்சிக்காரர் "நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால், "போலீசுக்கு யார் சொல்கிறார்கள், நீங்களா நானா?" என்று நேராகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கேரர் ஏஜென்சி சொல்லும் என்று இருந்தார், ஏஜென்சி கேரர் சொல்லியிருப்பார் என்று இருந்தது. மூன்று மணி நேரம் யாருமே சொல்லவில்லை.

4. போனில் என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது

அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கடைசியாகப் பார்த்த நேரம், உடை, போன மனநிலை, வழக்கத்துக்கு மாறாக என்ன இருந்தது என்று சொல்லுங்கள். இப்போதெல்லாம் பிள்ளை வெளியே கிளம்பும்போது என்ன போட்டிருக்கிறது என்று கண் தானாகப் பார்த்துவிடுகிறது.

போலீஸ் ஆபத்தின் அளவை உயர்வு, நடுத்தரம், குறைவு என்று தரம் பிரிப்பார்கள். யார் வருவார்கள், எவ்வளவு சீக்கிரம் தேடுவார்கள் என்பது அதைப் பொறுத்தது. பெரும்பாலும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அந்தத் தரம் போடப்படுகிறது. "அவன் எப்பவும் இப்படித்தான்", "காலையில வந்துடுவான்" என்று சொல்லாதீர்கள். பதற்றத்தை மறைக்கவும், எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற மரியாதையிலும் நம் ஆட்கள் சொல்லும் வார்த்தைகள் இவை. நானும் சொன்னேன். அன்றைக்குக் குறைவு என்று தரம் போட்டார்கள்.

அதற்குப் பதில் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். புதிய ஷூ, யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரியவில்லை. இரண்டாவது போன் ஒன்று வைத்திருக்கிறான். போன வாரம் இரண்டு தடவை ஒரு கார் வந்து தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போனது. பையில் தூரத்து ஊருக்கான ரயில் டிக்கெட் இருந்தது. போதைப்பொருள் கும்பல்கள் பிள்ளைகளை ஊர்விட்டு ஊர் அனுப்பி விற்க வைப்பதைக் கவுன்ட்டி லைன்ஸ் என்கிறார்கள். உங்கள் தகவல் அந்தப் படத்தில் ஒரு துண்டாக இருக்கலாம். பெரிது, சிறிது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

தரம் தவறு என்று தோன்றினால் டியூட்டி சார்ஜன்ட்டிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். டியூட்டி டீமையும் பேசச் சொல்லுங்கள். போனை வைக்கும் முன் குறிப்பு எண், பேசியவரின் பெயர், நேரம், இந்த மூன்றையும் எழுதாமல் வைக்காதீர்கள்.

5. காத்திருக்கும் நேரம்

போலீஸ் வந்து முதலில் உங்கள் வீட்டைத்தான் தேடுவார்கள். அலமாரி, பரண், தோட்டத்துக் கொட்டகை, உங்கள் சொந்தப் பிள்ளைகளின் அறை எல்லாம். உங்கள்மேல் சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் தொடங்குவார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். என் மகள் அன்று தூக்கத்திலிருந்து எழுந்து, டார்ச்சுடன் ஒரு போலீஸ்காரர் நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

பிள்ளையின் அறையைச் சுத்தம் செய்யாதீர்கள். போர்வையைத் துவைக்காதீர்கள். டூத்பிரஷ், சீப்பு அப்படியே இருக்கட்டும். டிஎன்ஏ தேவைப்பட்டால் போலீஸ் கேட்பது அவற்றைத்தான். அன்றிரவு ஒரு அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு நீல டூத்பிரஷைப் பையில் போட்டபோது என் கால் நடுங்கியது. ஆனால் அது வழக்கமான நடைமுறை. எதுவோ நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பிள்ளைக்கு மணிக்கு ஒரு மெசேஜ் போதும். "கோபமில்லை. பத்திரமா இருக்கியா? எப்போ கூப்பிட்டாலும் வந்து அழைச்சிட்டு வர்றேன்." இருபது மிஸ்டு கால் கொடுத்தால் போனை அணைத்துவிடுவார்கள்.

தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கை போகும். ஆனால் அந்தப் பிள்ளை கவுன்சில் பராமரிப்பில் இருப்பதே ரகசியம். அதைத் தேடும் தவறான ஆட்களுக்கும் அந்தப் படம் போய்ச் சேரும். படத்தை வெளியிடுவதா என்று போலீசும் கவுன்சிலும் முடிவு செய்யும். அதேபோல, சந்தேகமான ஒரு முகவரி தெரிந்தால் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். போலீசிடம் கொடுங்கள்.

மிஸ்ஸிங் பீப்பிள் என்ற தொண்டு அமைப்பின் 116 000 என்ற எண்ணுக்கு நீங்களும் பேசலாம், பிள்ளையும் பேசலாம். இலவசம். பிள்ளை வந்த முதல் வாரத்திலேயே அந்த எண்ணை அதன் போனில் பதிந்து கொடுங்கள்.

6. வாசலில் முதல் பத்து நிமிடம்

முதல் தடவை அவன் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றபோது கதவைத் திறந்த வேகத்தில், "எங்கே போயிருந்த? எவ்வளவு பயந்துட்டோம் தெரியுமா?" என்றேன். கேட்ட அந்த நொடியிலேயே அவன் முகம் மூடிக்கொண்டது. நேராக மாடிக்குப் போனான். எங்கே இருந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது தடவை கேள்வியை முழுங்கிவிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் நாளெல்லாம் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பழகிவிட்டது. இல்லை என்று தலையாட்டினான். அடுப்படியில் நின்றபடியே மூன்று தோசை சாப்பிட்டான். மூன்றாவது தோசைக்கு நடுவில் அவனாகவே, "அந்த வீட்டில் ஹீட்டிங் இல்லை ஆன்ட்டி" என்றான். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதினேன். பின்னால் விசாரித்த அதிகாரிக்கு அந்த ஒரு வரி உதவியது.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்றில்லை. காயம் இருக்கிறதா, போதையில் இருக்கிறதா, நடக்க முடிகிறதா என்று பாருங்கள். தேவைப்பட்டால் 999 அல்லது என்ஹெச்எஸ் ஆலோசனை எண்ணான 111. பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்று தோன்றினால், நீங்களாகக் கேள்வி கேட்டுத் தோண்டாதீர்கள். போலீசிடம் உடனே சொல்லுங்கள். பாலியல் தாக்குதலுக்கான என்ஹெச்எஸ் மையங்கள் தனியாக இருக்கின்றன. போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் சேர்ந்து தடயம் கெட்டுவிடும். குளிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். வற்புறுத்தக் கூடாது.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றால் சரி என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவையான ஆட்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்று முதலில் உன்னிடம் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

அப்புறம் போன்கள்: போலீஸ், டியூட்டி டீம், ஏஜென்சி. போலீஸ் பிள்ளையை நேரில் பார்த்தோ பேசியோ உறுதி செய்யும்வரை அவர்கள் கணக்கில் அது காணாமல் போன பிள்ளைதான். சொல்லாமல் விட்டால் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

7. 72 மணி நேரம்

திரும்பிய பிறகு இரண்டு பேச்சு நடக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று போலீஸ் வந்து பார்ப்பது. பத்திரமாக இருக்கிறதா, குற்றம் ஏதும் நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். சீக்கிரம் முடிந்துவிடும்.

மற்றது ரிட்டர்ன் ஹோம் இன்டர்வியூ. அரசு 2014-இல் வெளியிட்ட சட்டபூர்வ வழிகாட்டுதலின்படி, பிள்ளை திரும்பிய 72 மணி நேரத்துக்குள் இதை நடத்த வேண்டும். பேசுபவர் பிள்ளையின் பராமரிப்பில் சம்பந்தப்படாத ஒருவராக இருக்க வேண்டும். ஏன் போனது, எங்கே இருந்தது, யாருடன் இருந்தது, அடுத்த தடவை போகாமல் இருக்க என்ன மாற வேண்டும் என்று பேசுவார்கள். நீங்கள் கூட உட்காரக் கூடாது. உங்கள் வீட்டில் ஏதாவது பிடிக்காமல்தான் போயிருந்தால் அதைச் சொல்ல இடம் வேண்டும் அல்லவா? எங்கள் பையன் சொன்ன ஒரு காரணம், ஹாலில் உறவினர்கள் கூடினால் தனக்கு உட்கார இடமில்லாத மாதிரி இருக்கிறது என்பது. கேட்க வலித்தது. மாற்றிக்கொண்டோம்.

பிள்ளை மறுக்கலாம். மறுத்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள். காரிலோ, பர்கர் கடையிலோ பேசலாமா என்று கேளுங்கள். ஆங்கிலம் சரளமில்லாத பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்.

நான் மாட்டிய குழியைச் சொல்கிறேன். பையன் ஒரு கவுன்சிலின் பொறுப்பு, எங்கள் வீடு இன்னொரு கவுன்சிலின் எல்லைக்குள். இவர்கள் அவர்களைக் காட்ட, அவர்கள் இவர்களைக் காட்ட, முதல் இன்டர்வியூ பதினொன்றாம் நாள்தான் நடந்தது. அதற்குள் அவன் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டான். பொறுப்பு, பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்த கவுன்சிலுக்குத்தான். அதனால் பிள்ளை திரும்பிய அன்றே சோஷியல் ஒர்க்கருக்கும் அவருடைய மேலாளருக்கும் ஒரு ஈமெயில் அனுப்புங்கள்: "இந்தத் தேதி, இந்த நேரத்துக்குத் திரும்பினான். 72 மணி நேரம் இந்தத் தேதி, இந்த நேரத்தில் முடிகிறது. இன்டர்வியூ எடுப்பவரின் பெயரையும் நேரத்தையும் தெரிவியுங்கள்." இதை எழுத ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு தடவையும் தாமதமாகவில்லை. நான்கு தடவை போனால் நான்கு தடவையும் கேளுங்கள். "போன வாரம்தானே பேசினோம்" என்பது பதிலாகாது.

8. எழுத வேண்டியவை, கேட்க வேண்டியவை

தினக்குறிப்பில் நேரத்துடன் எழுதுங்கள். பிள்ளை சொன்னது மேற்கோளில், நீங்கள் நினைத்தது தனியாக. ஏஜென்சியின் சம்பவப் படிவத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பின்னால் யாராவது உங்கள்மேல் புகார் சொன்னால் உங்களுக்காகப் பேசுவது அந்தக் காகிதம்தான்.

சோஷியல் ஒர்க்கரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஆபத்து மதிப்பீட்டைத் திருத்தியாயிற்றா? பிள்ளையின் பராமரிப்புத் திட்டத்தை மறுபரிசீலனை செய்யும் இன்டிபென்டென்ட் ரிவ்யூயிங் ஆபீசருக்குத் தெரியுமா? அடுத்த தடவைக்கான திட்டம் என்ன? பிள்ளையை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால், நவீன அடிமைத்தனத்தில் சிக்கியவர்களை அடையாளம் காணும் அரசு ஏற்பாடான நேஷனல் ரெஃபரல் மெக்கானிசத்துக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அதை அனுப்பும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. ஒரே பெரியவரின் வீட்டில் திரும்பத் திரும்பக் கிடைத்தால், பிள்ளையிடமிருந்து விலகி இருக்கச் சொல்லும் பிள்ளைக் கடத்தல் எச்சரிக்கை நோட்டீஸைப் போலீஸ் அந்த ஆளுக்குக் கொடுக்கலாம். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கும், கேர் ஆர்டரில் இருந்தால் 18 வரையும் அது பொருந்தும்.

9. பணம்

இது பேசக் கூச்சமான விஷயம், ஆனால் முன்பே பேசிவிடுங்கள். பிள்ளை காணாமல் இருக்கும் நாட்களுக்கு அலவன்ஸ் வருமா, எத்தனை நாள் அந்த அறையைப் பிள்ளைக்காக வைத்திருக்க வேண்டும் என்பது ஏஜென்சிக்கு ஏஜென்சி, கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். ஃபாஸ்டர் கேரர் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடுங்கள். இல்லை என்றால் ஈமெயிலில் பதில் வாங்குங்கள். நடு இரவில் எண்பது மைல் தள்ளிப் போய் அழைத்து வரச் சொன்னால், கிளம்பும் முன் "மைலேஜ் உண்டா?" என்று டியூட்டி டீமிடம் கேட்டு, சரி என்றவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பல இடங்களில் மைலுக்கு 45 பென்ஸ் கொடுக்கிறார்கள். டாக்ஸி, பார்க்கிங், தொலைந்த பயணக் கார்டு, புது போன், எல்லாவற்றுக்கும் ரசீது. நானாகக் கேட்காததால் முதல் இரண்டு தடவைக்கு எதுவும் வரவில்லை.

10. அடுத்த சில வாரங்கள்

முன்கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைக்கத் தோன்றும். கூடாது. அறையில் பூட்டுவது, சாப்பாட்டைக் குறைப்பது, அம்மாவைப் பார்க்கும் நாளை நிறுத்துவது, இவை எதுவும் தண்டனையாக அனுமதிக்கப்பட்டதில்லை. உங்கள் அனுமதியே போய்விடலாம். கைச்செலவுக் காசைப் பிடித்து வைப்பதையும் நான் செய்யமாட்டேன். பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளை திரும்பி வர யாருடைய காரையாவது எதிர்பார்க்கும்.

"இனி எங்களால் முடியாது" என்று ஏஜென்சிக்கு நோட்டீஸ் கொடுக்கும் முடிவை அந்த இரவிலோ அடுத்த நாளோ எடுக்காதீர்கள். ஒரு வாரம் தூங்கி எழுந்த பிறகு யோசியுங்கள்.

அந்தத் தாளை மாதம் ஒரு தடவை எடுத்துப் புதுப்பியுங்கள். நான் ஒவ்வொரு முதல் தேதியும் செய்கிறேன். போன மாதம் அவனைக் கதவு நிலையில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 5 அடி 6 அங்குலம் என்றிருந்ததை அடித்துவிட்டு 5 அடி 8 அங்குலம் என்று அவனே எழுதினான்.